மஞ்சளின் கிருமி எதிர்ப்பு ஆற்றல்

மஞ்சள் பயிரிடும் அங்கத்தினர்க்கும், தறியில் விரல் கீறினால் மஞ்சள் டப்பாவைத் தேடும் நெசவாளர்க்கும், அது கிருமியைக் கொல்லும் என்பது புதுச் செய்தியன்று. அவ்வாற்றல் எதுவரை செல்லும் என்பதையே நாம் இங்கு ஆராய்வோம்.

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின் எனப்படும். 100 பங்கு மஞ்சளில் அது பெரும்பாலும் 2 முதல் 5 பங்கே இருக்கும். சில பாக்டீரியாக்களை அது தடுக்கும் என்று 1949-ஆம் ஆண்டிலேயே ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழ் வெளியிட்டது.

இதனைச் சோதிக்கும் முறை எளிது. கண்ணாடித் தட்டில் உறைந்த அகார்க் கூழின்மீது கிருமிகளைத் தடவி, சாற்றில் தோய்த்த சிறு காகித வில்லையை வைப்பர். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தோன்றினால், சாற்றுக்கு ஆற்றல் உண்டு என்பது தெளிவு.

ஆயினும் தட்டில் நிகழ்வதெல்லாம் உடலில் நிகழ்வதில்லை. குர்குமின் சாராயத்தில் கரையும். நீரில் பெரும்பாலும் கரையாது. ஆகவே சோதனைச் சாலையில் சாராயங்கொண்டு எடுத்த சாறும், வீட்டில் நீர்விட்டுக் குழைத்த பற்றும் ஒன்றல்ல. உட்கொண்டாலோ மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேரும். அன்றியும், களத்தில் உலர்த்திய மஞ்சளின் தூளிலேயே மண்ணிலுள்ள கிருமிகள் கலந்திருக்கக் கூடும்.

இங்கேதான் உயிருக்கு ஆபத்து உண்டாகிறது. டெட்டனஸ் என்னும் ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உறைவது. காற்றுப் புகாத ஆழ்ந்த காயத்தில் பெருகுவது. மேலே பூசிய மஞ்சள் அங்கு எட்டாது. முள்ளோ ஆணியோ மண்வெட்டியோ ஆழப் பாய்ந்தால், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்வதே அறிவுடைமை.

மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் அளிக்கப்பெற்ற காப்புரிமை, நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் ஆட்சேபத்தால் 1997-இல் நீக்கப்பெற்றது. அவ்வழக்கு இவ்வழக்கத்தின் தொன்மையை நிலைநாட்டியதேயன்றி, மஞ்சள் எல்லாப் புண்களையும் ஆற்றும் என்று சான்றளிக்கவில்லை.

ஆகையால் சங்கங்கள் விற்கும் மஞ்சள் பொட்டலங்களின்மீது ‘நோய் தீர்க்கும்’ என அச்சிடலாகாது. உணவுச் சட்டமும் அதற்கு இடந்தராது. கலப்படமற்ற சரக்கு, தூய களம், சரியான எடை ஆகிய இம்மூன்றையும் உறுதி செய்து, அவற்றையே எடுத்துக் கூறுவோமாக. அங்காடியில் சங்கத்தின் பெயரை நெடுநாள் காப்பவை அவையே.