கொழுப்பு தானாக எரியுமா?

எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் என்பது ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சமாசாரம். இப்போது நம் வீட்டுக் கூடத்திலேயே அந்தப் பேச்சு நடக்கிறது. என் நாத்தனார் இரண்டு வருஷத்துக்கு முன்பு செய்துகொண்டாள். 108 கிலோ எடை, சர்க்கரை, முழங்கால் வலி. "அண்ணி, இதைப் பண்ணிக்கிட்டா உடம்பு தானாவே கொழுப்பை எரிச்சிடுமாம். அப்புறம் ஒரு கவலையும் இல்லே!" என்றாள். அவளோடு ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்ததில் நான் தெரிந்துகொண்டது வேறு. இதைப் பற்றி யோசிக்கும் சகோதரிகளுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

பசி எங்கே போகிறது?

ஆபரேஷனில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில், இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒடுக்கமாக்கி விடுகிறார்கள். மற்றது பைபாஸ். இரைப்பையின் உச்சியில் முட்டை அளவுக்குச் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலில் சற்றுத் தள்ளி இணைப்பார்கள்.

வயிறு சின்னதாவதால் மட்டும் எடை குறைவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பாகத்தில்தான் சுரக்கிறது. முதல் வகையில் அந்தப் பாகமே போய்விடுகிறது. சாப்பாடு சீக்கிரம் குடலுக்குப் போவதால், 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன்களும் அதிகமாகச் சுரக்கின்றன. நாலு இட்லி சாப்பிட்டவளுக்கு அரை இட்லியில் வயிறு நிறைந்துவிட்டது!

தீ கூடுகிறதா, குறைகிறதா?

உடம்பை ஓர் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா படுத்திருந்தாலும் இதயமும் மூளையும் ஈரலும் வேலை செய்ய அது எரிந்தாக வேண்டும். வெளியிலிருந்து வரும் விறகு குறைந்ததும், பரணில் சேர்த்து வைத்த கொழுப்பை உடம்பு எடுத்து எரிக்கிறது. எரிந்த கொழுப்பு எங்கே போகிறது தெரியுமா? 10 கிலோ எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சோடு போய்விடும். மீதி 1.6 கிலோ தண்ணீராகிவிடும்.

ஆனால் இளைக்க இளைக்கத் தீயும் தணிகிறது. சின்ன உடம்புக்குச் சின்னத் தீ போதும் அல்லவா? கொழுப்போடு தசையும் கொஞ்சம் கரைகிறது. தசை போனால் தீ இன்னும் தணியும். ஒன்றிரண்டு வருஷத்துக்குப் பிறகு சிலருக்கு எடை மறுபடி ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆபரேஷன் விறகைக் குறைக்கிறதே தவிர, அடுப்பை வேகமாக எரிய வைப்பதில்லை.

தட்டில் முதலில் பருப்பு

நாலாவது மாசம் நாத்தனாருக்கு முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. மாடிப்படி ஏறவே தெம்பில்லை. கஞ்சியும் அரை இட்லியுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகணும்மா. முட்டை, மீன், பருப்பு, பனீர் முதல்லே, சோறு கடைசியிலே" என்று டயட்டீஷியன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போதாததற்குப் புரதப் பவுடர். தினமும் அரை மணி நடை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. மூன்று மாசத்தில் தெம்பு திரும்பியது. இன்று 76 கிலோ இருக்கிறாள்.

பலன் இல்லாமலில்லை. ஸ்வீடனில் 1987ல் தொடங்கி நடந்த பெரிய ஆராய்ச்சியின் 2007ஆம் வருஷத்து முடிவில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம் சுமார் 29 சதவீதம் குறைவாக இருந்தது.

கவனிக்க வேண்டியவை

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை டாக்டர் சொன்னபடி ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் உண்டாகலாம். வயிற்று வலியை அலட்சியம் செய்யாதீர்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இனிப்பு அதிகமானால் படபடப்பும் மயக்கமும் வரலாம். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைக்கும் இளம் தாய்மார்கள் 12 முதல் 18 மாசமாவது பொறுத்திருக்க வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் மனம் விட்டுப் பேசிவிடுங்கள்.