கதைப் புத்தகத்தில் வரலாறு: பட்டியலை எப்படி எடைபோடுவது?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஹோம்ஸ்கூலிங் முறைக்கு 50 மாநிலங்களிலும் சட்ட அனுமதி உண்டு. அப்படிப் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தரப் பெற்றோர் பலர் பாடநூலை விட்டுவிட்டுக் கதைப் புத்தகங்களை நாடுகிறார்கள். நாவல், வாழ்க்கை வரலாறு, படக்கதை என ஓராண்டுக்கான புத்தகங்களைத் தொகுத்து, எந்த வாரம் எந்த அத்தியாயம் என்று அட்டவணையும் போட்டுத் தருகின்றன சன்லைட், பியூட்டிஃபுல் ஃபீட் புக்ஸ் போன்ற நிறுவனங்கள்.

இந்த யோசனையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. சார்லட் மேசன் (1842–1923) என்ற கல்வியாளர், சத்தில்லாத சுருக்கங்களைத் தவிர்த்து, ஒரு விஷயத்தில் தோய்ந்தவர் எழுதிய நல்ல புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கச் சொன்னார். படித்ததைப் பிள்ளை தன் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை.

அருமையான முறை. ஆனால் கதை கேட்கும் குழந்தை, கதை சொல்பவரின் பக்கமே நிற்கும். அதனால் பாடத்திட்டத்தை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு நிகழ்வும் யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது என்பதைத்தான்.

லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரேரி' (1935) இத்தகைய பட்டியல்களில் அடிக்கடி இடம்பெறும் புத்தகம். அப்பா மரத்தை வெட்டி வீடு கட்டுவதும் அம்மா சோளரொட்டி சுடுவதும் பிள்ளை மனதில் அப்படியே பதிந்துவிடும். அந்த வீடு எழும்பிய கான்சாஸ் நிலம் ஓசேஜ் பழங்குடியினருக்கு உரியது. இங்கல்ஸ் குடும்பம் அங்கே உரிமையில்லாமல் குடியேறியது. லாராவின் கண்ணால் மட்டும் பார்க்கும் குழந்தைக்கு இது சரியாக விளங்காது. செவ்விந்தியர்களை மனிதர் கணக்கிலேயே சேர்க்காத ஒரு வாக்கியம்கூட முதல் பதிப்பில் இருந்தது. வாசகர் ஒருவர் கடிதம் எழுதிய பிறகு, 1953 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். வைல்டரின் பெயரில் வழங்கிவந்த சிறார் இலக்கிய விருதின் பெயரையும் 2018இல் அமெரிக்க நூலகர் அமைப்பு மாற்றியது.

அதற்காகப் புத்தகத்தையே ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, அவ்வளவே. ஒஜிப்வே வம்சாவளியைச் சேர்ந்த லூயிஸ் எர்ட்ரிச் எழுதிய 'த பிர்ச்பார்க் ஹவுஸ்' (1999) பக்கத்தில் இருக்கட்டும். 1847இல் சுப்பீரியர் ஏரியின் தீவொன்றில் வாழும் ஒமகாயஸ் என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதை அது. அங்கும் வீடு கட்டுகிறார்கள், சமைக்கிறார்கள், தம்பி தொல்லை கொடுக்கிறான். பிறகு பெரியம்மை வருகிறது. இரண்டையும் கேட்ட பிள்ளை, "அங்க ஏற்கெனவே ஆளுங்க இருந்தாங்களே, இவங்க ஏன் போனாங்க?" என்று தானாகவே கேட்கும். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கும் பட்டியல்தான் நல்ல பட்டியல்.

அடுத்தது, எது நடந்தது, எது கற்பனை என்ற பிரிப்பு. அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கும் தறுவாயில், 1775 ஏப்ரல் 18 இரவு பால் ரிவியர் குதிரையேறி, பிரிட்டிஷ் படை வருவதை எச்சரிக்கப் புறப்பட்டார். கவிஞர் லாங்ஃபெல்லோவின் புகழ்பெற்ற கவிதையில் அவர் கான்கார்ட் ஊர் வரை போய்ச் சேர்கிறார். உண்மையில் வழியிலேயே பிடிபட்டார். கான்கார்டுக்குச் செய்தி கொண்டுபோனவர் சாமுவேல் பிரெஸ்காட். ஜீன் ஃபிரிட்ஸ் 1973இல் சிறுவர்களுக்கு எழுதிய ரிவியர் புத்தகம் அவர் பிடிபட்டதைச் சொல்கிறது. கடைசிப் பக்கங்களில் குறிப்புகளும் உண்டு. உரையாடலை இட்டுக்கட்டக் கூடாது என்பதில் ஃபிரிட்ஸ் கறாரானவர். ஆகவே, இப்படிக் குறிப்புகள் இருக்கின்றனவா என்று எந்த நூலையும் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து பாருங்கள்.

காலவரிசையும் முக்கியம். தனித்தனிக் கதைகளாகப் படிக்கும் பிள்ளை வாஷிங்டனையும் லிங்கனையும் ஒரே காலத்தவர் என்று நினைத்துவிடலாம். சுவரில் ஒரு காலக்கோடு ஒட்டினால் தீர்ந்துவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்தத் தொகுப்புகளில் பல கிறிஸ்தவப் பார்வையில் அமைந்தவை, சன்லைட்டும் அப்படியே. அது வேண்டுமா என்பது அந்தந்த வீட்டின் முடிவு.

முழுத் தொகுப்பையும் ஒரே மூச்சில் வாங்கிவிட வேண்டாம். பட்டியலிலிருந்து இரண்டு புத்தகங்களை நூலகத்தில் எடுத்து ஒரு வாரம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அட்டவணையில் உள்ள பக்கங்களைப் படித்து முடித்த பிறகும், பிள்ளை கதையைத் திருப்பிச் சொல்ல நேரம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சவில்லையென்றால் புத்தகங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.