ஆன்ம போஷணம்

மனிதனுக்கு இருவகைப் பசி உண்டு. சரீரத்தின் பசி வேளை தவறாது தன்னை அறிவித்துவிடும். ஆன்மாவின் பசியோ அவ்விதம் கூக்குரலிடுவதில்லை. கவனிப்பாரற்றுக் கிடக்குமாயின் நாளடைவில் மந்தப்பட்டு, தான் பசித்திருப்பதையே மறந்துவிடுகின்றது. உலக இச்சைகளால் நமக்கு நேரும் அபாயம் இதுவே.

லூக்கா சுவிசேஷத்திலே, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய ஐசுவரியவானைக் காண்கிறோம். அவன் களவு செய்தவனல்லன். அவன் நிலம் நன்றாய் விளைந்தது. தானியத்தைக் கொண்டே ஆத்துமாவையும் திருப்தி செய்துவிடலாமென்று நினைத்ததே அவனது மதியீனம்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணமுண்டு. ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் தோல் பதனிடுந் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஜீவனம் அளிக்கின்றது. தொழில் பாவமன்று. ஆயினும் இலாப விருப்பத்திற்கு எல்லை வகுக்கப்படாமையால், கழிவுநீர் பாலாற்றையும் அதனருகிலுள்ள கிணறுகளையும் கெடுத்தது. கெடுத்தவரே நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டுமென்று 1996-ம் வருஷத்தில் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவன் இச்சைக்கு அயலானும் விலை செலுத்துகிறான் என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் உலகத்தை விட்டு ஓடிப்போதலே ஆன்மாவைப் போஷிக்கும் வழியோ? அன்றென்று திருப்பத்தூர் நமக்குப் போதிக்கின்றது. அக்காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த அவ்வூரில், 1921-ம் வருஷத்திலே கிறிஸ்துகுல ஆசிரமம் ஸ்தாபிக்கப்பட்டது. அதனை நிறுவிய சவரிராயன் இயேசுதாசனாரும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனாரும் உயர்தர மருத்துவக் கல்வி பெற்றவர்கள். முன்னவர் தமிழர், பின்னவர் ஸ்காத்லாந்திலே கம்பளிநூல் ஆலைகளையுடைய செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். கீர்த்தியும் பொருளும் அவர்களுக்கு எட்டாதவையல்ல. எனினும் விவாகமின்றியும் சம்பளமின்றியும் எளிய உணவுண்டு, கதராடை தரித்து, ஏழை நோயாளிகளுக்கு மருத்துவஞ் செய்து வாழ்ந்தனர். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே ஜனங்கள் அவர்களை அழைத்தனர். தமிழ்நாட்டுக் கோயிற் சிற்பமுறையில் அமைந்த அவ்வாசிரம ஜெபாலயம் இன்றும் காண்போரைக் கவர்கின்றது.

இவர்கள் சரீரத்தை அற்பமாக எண்ணினார்களென்று நாம் கூறமுடியாது. பிறருடைய சரீரத்தின் நோவைத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்டனர். ஜெபம் அவர்களைச் சேவைக்கு அனுப்பிற்று. சேவை அவர்களை மறுபடியும் ஜெபத்திற்குக் கொணர்ந்தது. ஆன்மாவுக்கு ஆகாரம் இவ்விரண்டுமே. ஒன்றை மாத்திரம் உட்கொள்ளுகிறவன் மெலிந்துபோவான்.

மாணவ அன்பர்களே, நாம் யாவரும் ஆசிரமம் புகவேண்டியதில்லை. பட்டம் பெறுவோம், உத்தியோகத்தில் அமர்வோம், பொருளும் ஈட்டுவோம். ஆயின் ஈட்டியதில் எவ்வளவு போதும் என்பதை ஈட்டுமுன்னரே கர்த்தருடைய சமுகத்தில் தீர்மானித்துக்கொள்வோமாக. கைநிறைந்தபின் அக்கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே.