விறைத்த முதுகும் ‘சோம்பேறி’ என்ற பட்டமும்

கால்வாயில் வாரிய வண்டலைக் கூடையில் நிரப்பித் தூக்கும் தூய்மைப் பணியாளர் ஒருவர் குனியத் தயங்குகிறார். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குகிறார், மெல்ல நிமிர்கிறார். மேற்பார்வையாளரின் கண்ணுக்கு இது வேலையைத் தட்டிக்கழிப்பதாகத் தெரிகிறது. உடலியக்க அறிவியலோ இதே அசைவை வேறுவிதமாகப் படிக்கிறது. தமிழ்நாட்டில் இப்பணியில் இருப்போரில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்கள். ஆகவே ‘சோம்பேறி’ என்ற சொல் இங்கே வெறும் வேலைத்தள வசவு அல்ல. அதற்குப் பின்னால் சாதியும் நிற்கிறது. அவ்விரு பார்வைகளுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் சுமையின் கணக்கைப் பார்ப்போம். முதுகெலும்பு ஒரு நெம்புகோலைப் போலச் செயல்படுகிறது. அதை நிமிர்த்தும் தசைகள் எலும்புக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளன. 20 கிலோ கூடையை உடலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அதைத் தாங்க மட்டுமே அத்தசைகள் பத்து மடங்கு, அதாவது 200 கிலோ எடைக்கு இணையான விசையுடன் இழுக்க வேண்டும். மேலுடலின் எடை இதில் சேரவில்லை.

வலியில்லாத ஒருவர் குனியும்போது கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் இடுப்பு மூட்டும் அசைவைப் பகிர்ந்துகொள்கின்றன. முழுவதும் குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் சிறிது நேரம் ஓய்கின்றன. தசைநார்கள் பாரத்தை ஏற்கின்றன.

வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி எனப்படுகிறது. அந்நிலையில் பலரிடம் இந்த ஒழுங்கு மாறுகிறது. கீழ்முதுகு குறைவாக வளைகிறது. இடுப்பும் முழங்காலும் அதை ஈடுசெய்கின்றன. அசைவின் வேகம் குறைகிறது. வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகி, முதுகைக் கவசம்போல் விறைக்கச் செய்கின்றன. ஓய வேண்டிய இடத்திலும் தசைகள் ஓய்வதில்லை. எல்லோரிடமும் இது ஒரேபோல் நிகழ்வதில்லை. வலியின் அளவும், மீண்டும் வலிக்குமோ என்ற அச்சமும் அதைத் தீர்மானிக்கின்றன.

இது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி. ஆனால் அதற்கும் விலை உண்டு. இறுகிய தசைகள் முதுகெலும்பின் மீது கூடுதல் அழுத்தம் தருகின்றன, விரைவில் களைக்கின்றன. ஆக, மெதுவாகத் தூக்குபவர் குறைவாக உழைக்கவில்லை. அதே கூடைக்கு அவருடைய உடல் அதிகம் உழைக்கிறது.

‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்ற பதிலும் தொழிலாளரைப் பொய்யராக்குகிறது. கீழ்முதுகுவலியில் ஏறத்தாழ 90 விழுக்காடு, திட்டவட்டமான ஒரு காரணத்தைச் சுட்ட முடியாத வகையைச் சேர்ந்தது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. படத்தில் தெரியாததால் வலி இல்லையென்று ஆகிவிடாது.

‘முழங்காலை மடக்கித் தூக்குங்கள்’ என்ற அறிவுரையும் போதாது. தூக்கும் முறையைக் கற்பிப்பது மட்டுமே முதுகுவலியைத் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை. மாற்ற வேண்டியது சுமையையும் அதன் உயரத்தையும் வேலையின் வேகத்தையும்தான். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கீட்டின்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் பரிந்துரைக்கப்படும் உச்ச எடை 23 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரின் எடையே ஒரு கிலோ. மண் கலந்த வண்டல் அதனினும் கனமானது. 25 லிட்டர் கூடை நிறைந்தாலே அந்த வரம்பு கடந்துவிடுகிறது. அதைத் தரைமட்டத்துக்குக் கீழிருந்து, உடலைத் திருப்பி, வழுக்கும் பிடியுடன் தூக்குவோருக்கு வரம்பு இன்னும் கீழே இறங்கும்.

காயம் விளைவிக்கக்கூடிய சுமையை எவரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு விதித்தது. ஆனால் அது தொழிற்சாலைச் சுவர்களுக்கு உள்ளே நின்றது. தெருவும் கால்வாயும் அதற்கு வெளியே இருந்தன.

நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கு உடற்பயிற்சியையும் நோய் குறித்த கல்வியையும் உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஒருநாள் விடுப்பெடுத்தால் ஒருநாள் கூலி போகும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இவை எப்படி எட்டும்? எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும்: கூடைக்கு எடை வரம்பு, தூக்குவதற்கு இயந்திரம், ஊதியத்துடன் மருத்துவ விடுப்பு, வலியுள்ளவருக்குக் கூலி குறையாத இலகுப் பணி. முதுகைப் பழிப்பதை விட்டு, அதன் மேல் ஏற்றப்படும் சுமையை எடைபோடத் தொடங்குவோம்.