பொம்மை விமானமும் கைகாட்டியும்

சாணக்யபுரியில் நாம் குடியிருக்கும் வீட்டுக் கூடத்திலே சென்ற கோடை விடுமுறையில் ஒரு சிறு விமானம் உருவாயிற்று. நம்முடன் தங்கிப் பயிலும் தமையனார் மகன் தெர்மோகோல் பலகையை அறுத்து இறக்கையும் வாலும் அமைத்தான். அதனை ரேடியோவால் இயக்கும் கருவிகளைப் பொருத்தும் வேலையில் நாமும் துணை நின்றோம். அதனால் பெற்ற படிப்பினையைச் சங்கத்து அன்பர்களிடம் சொல்லிவைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

கம்பியின்றித் தொலைவிலுள்ள பொருளை இயக்கலாம் என்பதை 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கொண்டு மெய்ப்பித்தார். அன்று விந்தையாக இருந்தது இன்று கடைச்சரக்காகிவிட்டது. கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் ஆணையை அனுப்புகிறது. விமானத்தினுள் அமர்ந்த ரிசீவர் அதனைப் பெற்று, சர்வோ என்னும் சிறு மோட்டார்களிடம் சேர்ப்பிக்கிறது. அவை இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் தகடுகளைத் திருப்புகின்றன. முன்விசிறியைச் சுழற்றும் மோட்டாருக்கு வேகத்தை அடக்கும் கருவி ஒன்று தனியே உண்டு. பேட்டரியின் மின்சாரத்தை 5 வோல்ட் அளவாகக் குறைத்து ரிசீவருக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் அதுவே. முற்காலத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் இயக்கினால் விமானங்கள் ஆணை குழம்பி வீழ்வதுண்டு. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரோ தன்னுடன் இணைக்கப்பெற்ற டிரான்ஸ்மிட்டரின் சொல்லை மட்டுமே கேட்கும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. விமானத்தின் எடை நடுநிலை, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் சுமார் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அமைய வேண்டும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி இதனைச் சரிசெய்யலாம். ரிசீவரின் ஆண்டெனாக் கம்பிகள் இரண்டானால், ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும், பேட்டரியை விட்டு விலகியும் இருத்தல் நலம். வலப்புறம் சாய ஆணையிட்டால் வல இறக்கையின் தகடு மேலே எழ வேண்டும். இது தலைகீழாக இருந்தால், மேலெழுந்த சில நொடிகளில் விமானம் மண்ணைக் கவ்வும்.

இவை அனைத்தையும் செய்தோம். ஒன்றை மட்டும் மறந்தோம். நகருக்கு வெளியே, உடையவரின் இசைவு பெற்று, அறுவடை முடிந்த வயலொன்றில் விமானத்தைப் பறக்கவிட்டோம். சிறிது நேரத்தில் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி ஓய்ந்து ஆணை நின்றது. விமானமோ கடைசியாகக் கேட்ட ஆணையையே பற்றிக்கொண்டு, விசிறி சுழல, வரப்போரத்தில் விளையாடிய சிறுவர்களை நோக்கிப் பாய்ந்தது. குறுக்கே நின்ற கருவேல மரந்தான் அதனைத் தடுத்தது. இறக்கை முறிந்தது, சிறுவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. கைப்பணம் வீணாயிற்றே என்று வருந்த அப்போது நமக்கு மனம் வரவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை.

ஆணை அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்று ரிசீவரில் முன்கூட்டியே அமைத்து வைக்காதது நம் பிழை. ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு இது பெரிதும் வெட்கந் தருவதாகும். பழைய கைகாட்டியை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அதன் கம்பி அறுந்துபோனால், கை தன் எதிர்ப்பளுவினால் கிடையாக நிமிர்ந்து 'நில்' என்று காட்டும். கம்பி அறுவதுண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அறுந்தாலும் உயிருக்குக் கேடு வராதபடி நம் முன்னோடிகள் வகுத்த முறை அது. ஆகவே, ஒவ்வொரு முறையும் பறக்கவிடும் முன்னர், விசிறியைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டி, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்கவில்லையெனில் விமானம் தரையை விட்டு எழலாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூதரகங்கள் சூழ்ந்த நம் சாணக்யபுரி இவ்விளையாட்டுக்கு ஏற்ற இடமன்று. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் நாட்டின் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுத்துள்ளன. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடல் குற்றம். குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டித் தில்லிக் காவல்துறை ரேடியோ விமானங்களுக்குத் தடை விதிப்பதும் வழக்கம். நேரு பூங்கா அருகில்தானே என்று பிள்ளைகளை அனுப்பிவிடாதீர்கள்.

அதற்காக அவர்கள் ஆர்வத்தை முடக்குதலும் தகாது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றது குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில். அக்கல்லூரியின் தக்‌ஷா மாணவர் குழு 2018-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. கூடத்துத் தெர்மோகோலில் தொடங்கும் கைப்பழக்கம் எங்கே சென்று சேரும் என்பதை யாரறிவார்?

தமையனார் மகன் புதிய இறக்கை செய்து முடித்துவிட்டான். இப்பொழுது அவன் முதலில் செய்வது மோட்டாரை நிறுத்திப் பார்ப்பதே. பறத்தல் அதற்குப் பிறகுதான்.