கட்டியை எடுத்தாயிற்று, அப்புறம்?

1933 ஏப்ரல் 5. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட இடது நுரையீரல் ஒன்றை ஒரே அறுவையில் முழுவதுமாக எடுத்தார். மேசையில் படுத்திருந்தவரும் மருத்துவர்தான். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் கில்மோர், வயது 48. ஒற்றை நுரையீரலோடு ஊர் திரும்பியவர் மறுபடி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்று அவ்வளவு எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை. வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. நோய் உட்கார்ந்திருக்கும் மடலை மட்டும், பலருக்கு விலா இடுக்கில் போட்ட சிறு துளைகள் வழியாகவே, எடுத்துவிடுகிறார்கள்.

மூன்று பந்துகள்

அறுவை முடிந்ததும் நெஞ்சில் ஒரு குழாய், கட்டிலடியில் ஒரு பாட்டில், கையில் மூன்று பந்து கொண்ட பிளாஸ்டிக் கருவி. பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "நல்லா ஊதுங்க" என்று உற்சாகப்படுத்துவார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் பந்து எழும், நுரையீரலும் விரியும்.

வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் சளி அடியில் தங்கி நிமோனியா வரலாம். அதனால், வலி மாத்திரை பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது வீரமல்ல. மாத்திரையை வேளை தவறாமல் போட்டு, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமி, சளியை வெளியேற்ற வேண்டும். முடிந்தால் மறுநாளே நடக்க வைப்பார்கள்.

தையல் ஆறிய பின்னும் சிலருக்கு விலாப் பக்கம் மரத்துப்போயிருக்கும். பனியன் உரசினாலே எரியும். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் அறுவையில் நசுங்குவதுதான் காரணம். நோய் திரும்பிவிட்டதோ என்று இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் உண்டு. நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் வாய்திறந்து கேட்க வேண்டும்.

பிறகு எதற்குக் கீமோ?

"எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே டாக்டர்?" நியாயமான கேள்விதான். ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சில செல்கள் ரத்தத்திலோ நிணநீரிலோ நழுவிப் போயிருக்கலாம். சிறிய, ஆரம்பக் கட்டிக்குக் கீமோ தேவைப்படாது. நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருந்தாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ சிஸ்பிளாட்டினோடு இன்னொரு மருந்தும் சேர்த்து, வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு சுற்று தருகிறார்கள்.

பலன் எவ்வளவு? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் வெளியான கணக்குப்படி, ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். கேட்கச் சின்ன எண்தான். அந்த ஐவர் யாரென்று முன்கூட்டித் தெரியாததால்தான் பலரும் அந்த நான்கு சுற்றுகளைத் தாங்குகிறார்கள். இப்போது கட்டியின் மரபணுவையும் பரிசோதிக்கிறார்கள். இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஒசிமெர்டினிப் மாத்திரை மூன்றாண்டு வரை தரப்படுவதுண்டு. புகையிலையைத் தொட்டே பார்க்காதவர்களிடம் இந்த மாற்றம் அதிகம்.

தெர்மாமீட்டர் கையில் இருக்கட்டும்

கீமோ ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் சரியும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காதில் ரீங்காரம், விரல்நுனி மரத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை சிஸ்பிளாட்டினின் வேலையாக இருக்கலாம். அடுத்த சுற்றுக்கு முன்பே சொல்லிவிட்டால் மருந்தை மாற்றவோ குறைக்கவோ வழியுண்டு.

கிரஹாமின் சிகரெட்

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒரு சி.டி. ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒன்று என்பது பொதுவான வழக்கம். புகைப்பவர் அறுவைக்குப் பின் நிறுத்தினாலும் லாபமே: காயம் நன்றாக ஆறும், இன்னொரு புற்றுநோய் வரும் ஆபத்தும் குறையும்.

கில்மோரைக் காப்பாற்றிய கிரஹாம், சிகரெட்டையும் நுரையீரல் புற்றையும் இணைத்து 1950இல் வந்த புகழ்பெற்ற ஆய்வை எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து எழுதியவர். தாமும் பல ஆண்டுகள் புகைத்தவர், பிறகு விட்டார். 1957இல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். அப்போது கில்மோர் உயிரோடு இருந்தார்.