அப்பத்தா போட்ட ஓட்டு எங்கே போச்சு?

கூமாப்பட்டின்னு சொன்னாலே இப்போ எல்லாரும் ரீல்ஸ் பத்தித்தான் கேக்குறீங்க. பிளவக்கல் அணையும் தென்னந்தோப்பும் எங்கேயும் போகாது, அப்புறம் பேசலாம். இன்னைக்கு எங்க அப்பத்தா கேட்ட ஒரு கேள்வி.

2024 ஜூன் 4, ஓட்டு எண்ணுற நாள். எங்க ஊர் விருதுநகர் மாவட்டம்தான், ஆனா நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுறது தென்காசித் தொகுதிக்கு. அன்னைக்குப் பக்கத்துத் தொகுதியான விருதுநகரில் மாணிக்கம் தாகூர் ஜெயிச்சது 4,379 ஓட்டு வித்தியாசத்தில். தோற்ற விஜய பிரபாகரன் தரப்பு எண்ணிக்கையில் குளறுபடின்னு சொல்லி, மறு எண்ணிக்கை கேட்டது. அதை டிவியில் பார்த்துட்டு அப்பத்தா சொன்னது: "ஏய்யா, நான் அமுக்குனது அவுகளுக்குத்தான் போச்சுன்னு யாரு கண்டா? இனிமே நான் போகல."

அவங்க ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. அதனால அந்தப் பேச்சைச் சும்மா கடந்து போக என்னால முடியலை.

சந்தேகம் வர்றது தப்பில்லை. அதை எப்படிச் சரிபார்க்கிறோம் என்பதுதான் விஷயம். ரஷ்யாவில் 2011 டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்கங்க. ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சிக்கு 450-ல் 238 இடம்னு அறிவிச்சாங்க. ஆனா சில வாக்குச்சாவடிகளில் பார்வையாளர்கள் கையில் வாங்கின முடிவுத் தாளில் ஒரு எண், இணையதளத்தில் வேற எண். மாஸ்கோவில் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தாங்க. முடிவு மாறலை. ஆனா அந்தத் தாள் இருந்ததால்தான் 'ஏதோ தப்பு'ங்கிற புலம்பல், 'இந்தச் சாவடியில், இந்த எண்ணில் தப்பு'ங்கிற கேள்வியா மாறுச்சு.

நம்மகிட்டேயும் அப்படி ஒரு தாள் இருக்கு. பேரு படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிஞ்சதும், அந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவாச்சுன்னு அதில் எழுதி, அங்கே இருக்கிற பூத் ஏஜென்ட்டுகளுக்கு நகல் கொடுக்கணும். எண்ணும்போது மெஷின் காட்டுற மொத்தமும் இதுவும் ஒத்துப் போகணும். யாருக்கு எத்தனைன்னு ஏஜென்ட்டுக்கு அப்போ கொடுக்கிற அந்த நகல் சொல்லாது. அதுக்கு விவிபாட். 7 விநாடி கண்ணாடிக்குள்ள தெரியுமே, அந்தச் சீட்டு. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் 5 சாவடிச் சீட்டுகளை எண்ணி மெஷினோட ஒப்பிடுவாங்க.

அப்போ எல்லாம் சரியா? இல்லை. ராதாபுரத்தைப் பாருங்க. 2016 சட்டமன்றத் தேர்தலில் இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. வித்தியாசம் 49. எங்க ஊர் மினி பஸ்ஸில் காலையில் ஏறுற கூட்டம்தான்! அங்கே பெரிய சண்டை மெஷினைப் பத்தி இல்லை. 203 தபால் ஓட்டுகளில் சான்றொப்பம் போட்டவருக்கு அந்தத் தகுதி இல்லைன்னு தள்ளிட்டாங்க.

தேர்தல் வழக்கை 45 நாளுக்குள்ள உயர் நீதிமன்றத்தில் போடணும். 6 மாசத்தில் முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டமே சொல்லுது. ஆனா தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆவது சுற்றுகளையும் திரும்ப எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது 2019 அக்டோபரில். எண்ணினாங்க. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தோட ஆயுளே முடிஞ்சு போச்சு. அந்த 5 வருஷமும் ராதாபுரத்துக்காரங்க மனசுல ஒரு கேள்வி தொங்கிக்கிட்டே இருந்திருக்கும்.

என்னைக் கேட்டா, நம்பிக்கை உடையறது இங்கேதான். பதில் தப்பா வந்தாக்கூட ஜனங்க சண்டை போட்டுட்டுத் தாங்கிக்குவாங்க. பதிலே வரலைன்னா, வீட்டோட இருந்துடுவாங்க.

இதையெல்லாம் அப்பத்தாகிட்ட பொறுமையா சொன்னேன். வெத்தலையை மென்னுக்கிட்டே முழுசாக் கேட்டாங்க. அப்புறம் சொன்னது இவ்வளவுதான்:

"சரி, நான் போறேன். அந்தக் காயிதத்தை எவனாவது மறக்காம வாங்குறானான்னு நீ போயி உக்காந்து பாரு."

அடுத்த தேர்தலுக்கு நான் பூத் ஏஜென்ட். நீங்க?